அகழிக்கரைத் தெரு: கடை வரிசை நினைவிருப்பவர்கள் வாருங்கள்

கீழவாசல்காரன்

தஞ்சாவூர் வடக்கு வாசல் பக்கம், அகழியை ஒட்டி இருந்த எங்கள் தெருவை இடித்துவிட்டார்கள் என்பது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். அதற்காகப் புலம்ப இந்த இழையைத் தொடங்கவில்லை. ஒரு வேலை இருக்கிறது. எந்தக் கடைக்கு அடுத்து எந்தக் கடை என்று வரிசையாக எழுதி வைக்க வேண்டும். பெரிய கோயிலுக்கும் அரண்மனைக்கும் அளந்து வரைந்த படம் இருக்கிறது. விறகுக்கடைக்கு யார் படம் வரையப் போகிறார்கள்?

நான் சொல்வது 1985 வாக்கிலிருந்து 1995 உலகத் தமிழ் மாநாடு வரைக்குமான காலம். மாநாட்டுக்கு அப்புறம் ஊரே கொஞ்சம் மாறிவிட்டது.

ஊர்ச் சாரியில், அதாவது ஊர்ப் பக்க வரிசையில், முனையிலிருந்து: டீக்கடை, சைக்கிள் கடை, ஈயம் பூசுகிறவர் பட்டறை, விறகுக்கடை, ரேடியோ ரிப்பேர், கடைசியாக பெட்ரோமாக்ஸ் வாடகைக் கடை. அகழிச் சாரியில் பெரும்பாலும் வீடுகள்தான். நடுநடுவே இட்லி ஆயா, இஸ்திரி வண்டி, பழைய பேப்பர் கடை, பொம்மை செய்கிற வீடுகள். அடிபம்பு பேப்பர் கடைக்கு முன்னால். எது விட்டுப்போச்சு, எது இடம் மாறியிருக்கிறது, சொல்லுங்கள்.

கரந்தை சைக்கிள்

அண்ணே, பெட்ரோமாக்ஸ் கடை கடைசியில் இல்லை. சைக்கிள் கடைக்கு அடுத்த கதவு. பள்ளிக்கூடம் லீவு விட்டால் நான் சைக்கிள் கடையில்தான் எடுபிடி, அதனால் அடித்துச் சொல்வேன்.

அந்த இரண்டு கடையும் பக்கத்தில் இருந்ததற்குக் காரணம் உண்டு. சைக்கிள் பம்புக்குள் குழிவாக ஒரு தோல் வாஷர் இருக்கும். பெட்ரோமாக்ஸ் பம்புக்கும் அதே சங்கதிதான், அளவு சின்னது. கோடையில் தோல் காய்ந்து சுருங்கிவிடும், எவ்வளவு அடித்தாலும் காற்று ஏறாது. எங்கள் முதலாளி பழைய செருப்புத் தோலை வட்டமாக நறுக்கி, தேங்காய் எண்ணெயில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காலையில் ஒரு மரக்குச்சியின் மொட்டை முனையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திக் குழிவு வர வைப்பார். பெரிய வாஷர் நமக்கு, நறுக்கியதில் மிச்சம் விழும் தோலில் சின்ன வாஷர் பக்கத்துக் கடைக்கு. காசு கைமாறாது. பதிலுக்கு எங்கள் கடைக்கு ராத்திரி வெளிச்சம் இலவசம். கரண்ட் போனால் தெருவில் முதலில் வெளிச்சம் வருவது சைக்கிள் கடையில்தான், ஞாபகம் இருக்கிறதா?

முத்துப் பல்லக்கு வந்தால் இன்னும் வேடிக்கை. வைகாசியில் நாலு ராஜ வீதியிலும் விடிய விடிய பல்லக்கு வரும். அதற்கு வாரம் முன்பே விளக்குகள் எல்லாம் வெளியே வந்துவிடும். மேண்டில் என்கிற வலைத்திரியைக் கட்டுவது, ஸ்பிரிட் ஊற்றிச் சூடு காட்டுவது, பம்பு அடித்துப் பார்ப்பது எல்லாம் எங்கள் கடை வாசலில்தான். ஒரு மேண்டிலை விரல் பட்டு உடைத்துவிட்டு வாங்கிய அறை இன்னும் காதில் இருக்கிறது.

மேலவீதி

நான் உங்கள் தெருக்காரன் இல்லை, பாத்திரம் எடுத்துக்கொண்டு வருகிற வாடிக்கை. பொங்கலுக்கு முன்னால் அம்மா பித்தளைத் தவலை, குண்டான், அண்டா எல்லாவற்றையும் கோணிப்பையில் கட்டி என் தலையில் ஏற்றிவிடுவாள். ஈயப் பட்டறை எனக்குக் கண்ணிலேயே நிற்கிறது, கடைசி வரை பார்த்துக்கொண்டிருப்பேன்.

தரையில் ஒரு குழி, அதில் கரி, பக்கத்தில் துருத்தி. துருத்தியை அவர் மகன் மிதிப்பான். பாத்திரத்தை முதலில் மணலும் புளியும் போட்டுக் காலாலேயே தேய்ப்பார்கள். ஒருவன் அண்டாவுக்குள் ஏறி நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பித் தேய்ப்பான். அப்புறம் கழுவி நெருப்பில் வைத்துச் சூடேறியதும் நவச்சாரத்தைத் தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை வந்து மூக்கை அரிக்கும். அந்தப் புகை அடங்குவதற்குள் ஈயக் கட்டியை உள்ளே ஒரு இழுப்பு, உடனே பஞ்சை வைத்து ஒரு சுழற்று. மஞ்சளாக இருந்த பாத்திரம் உள்ளே பளீரென்று வெள்ளையாகிவிடும். தாமதித்தால் திட்டுத் திட்டாக நிற்கும், சூடு கூடினால் கறுத்துவிடும். அவர் கையைப் பார்த்தால் ஏதோ துடைக்கிற மாதிரிதான் தெரியும்.

ஒரு சந்தேகம். பட்டறைக்கும் விறகுக்கடைக்கும் நடுவே ஒரு சந்து இருந்ததே, அதில் ஒரு மாட்டு லாடக்காரர் உட்கார்ந்திருப்பாரே?

கீழவாசல்காரன்

லாடக்காரர்! எப்படி விட்டேன் அவரை. ஆமாம், சந்து வாயில். பட்டறைக் கரியில்தான் லாடத்தைக் காய்ச்சுவார். நெல் வண்டி மாடுகளைக் கயிறு போட்டுச் சாய்த்துப் படுக்க வைத்து அடிப்பார்கள். நாங்கள் சுற்றி நிற்போம், மாடு உதைத்தால் ஓட வேண்டும். சரி, வரிசையில் சேர்த்தாச்சு.

கரந்தை தம்பி, பெட்ரோமாக்ஸ் விஷயத்தில் நீ சொல்வது சரியாக இருக்கலாம். யாராவது இன்னொருவர் சொன்னால் மாற்றிவிடுகிறேன்.

புதாத்துக்கரை

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த இடம் நாயக்கர் காலத்துக் கோட்டை அகழி. செவ்வப்பநாயக்கன் ஏரியிலிருந்து சிவகங்கைக் குளத்துக்கும் அய்யன் குளத்துக்கும் நிலத்தடியில் தண்ணீர் கொண்டுவந்த ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் அகழியை என்ன செய்து வைத்திருந்தோம்? சாக்கடை, ஆகாயத்தாமரை, குப்பை. ஐப்பசி கார்த்திகையில் இரண்டு நாள் தொடர்ந்து பெய்தால் தண்ணீர் வடிய வழியில்லை. நீர்நிலைப் புறம்போக்கில் வீடு கட்டினால் ஒரு நாள் எடுக்கத்தான் சொல்வார்கள். நினைவுகளை எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இடித்ததையே அநியாயம் என்று யாராவது சொன்னால் ஏற்க மாட்டேன்.

சும்மாடு

புதாத்துக்கரை சார், நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

எங்கள் அப்பா மூட்டைத் தூக்குகிறவர். வீடு அகழிச் சாரி. பட்டா கிடையாது, யாருக்குமே கிடையாது. ஆனால் வீட்டு வரி ரசீது உண்டு, கரண்ட் பில் உண்டு, ரேஷன் கார்டு உண்டு, ஓட்டு உண்டு. வருஷா வருஷம் பி மெமோ வரும். ஆக்கிரமித்திருக்கிறாய், இவ்வளவு கட்டு என்று அபராதம் போடுகிற தாள் அது. எங்கள் தெருவில் அதையே பத்திரம் போல டிரங்குப் பெட்டியில், துணிக்கு அடியில் வைத்திருந்தார்கள். இத்தனை வருஷம் பணம் வாங்கியிருக்கிறார்களே, எப்படிப் போகச் சொல்வார்கள் என்று அப்பா கேட்பார். நோட்டீஸ் வந்த அன்று அந்தத் தாள்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினோம். மேசையில் இருந்தவர் சிரித்தார். இது நீங்கள் ஆக்கிரமிப்பாளர் என்பதற்கு நீங்களே கொண்டு வந்த சாட்சி என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரிதான்.

அகழி சுத்தமாக வேண்டும் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. அந்த வருஷங்களில் ஊரில் நிறைய இடித்துக் கட்டினார்கள். பழைய பஸ் ஸ்டாண்டு, காமராஜர் மார்க்கெட், கீழவாசலில் சரபோஜி மார்க்கெட். மார்க்கெட் வியாபாரிகளுக்கு வேலை முடியும்வரை வேறு இடத்தில் கடை போட ஏற்பாடு நடந்தது. எங்களுக்கு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் ஆளுக்கொரு வீடு. வீடு கிடைத்தது, நான் இல்லை என்று சொல்லவில்லை. கடைக்கு என்று ஒன்றும் கிடைக்கவில்லை, ஏனென்றால் அந்தக் கடைகள் எந்தக் கணக்கிலும் கடைகளே இல்லை. முன்பக்கம் தொழில், பின்பக்கம் படுக்கை என்று இருந்ததை எல்லாம் வீடு என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

இழை கடை வரிசையைப் பற்றியது, நானே திசைமாற்றிவிட்டேன் போலிருக்கிறது. டீக்கடையைப் பற்றி எழுதுகிறேன், அது இதோடு சேர்ந்ததுதான்.

விடியற்காலை நாலு மணிக்கு டீக்கடை திறக்கும். அரிசி மண்டிக்குப் போகிற ஆட்கள் தோளில் துண்டும் இடுப்பில் கொக்கியுமாக வந்து நிற்பார்கள். யார் எந்த மண்டிக்கு, எத்தனை லாரி வந்திருக்கிறது என்பது அங்கேதான் பிரியும். கூலி சனிக்கிழமை. அதுவரை டீ, பொறை, பீடி எல்லாம் நோட்டில். ஆளுக்கு ஒரு பக்கம், எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் பக்கத்தின் மேலே ஒரு குறி. அப்பாவுக்கு மீன் படம்.

இந்த நோட்டு மேட்டூர் அணையோடு கட்டப்பட்டது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை நிச்சயம், குறுவை வந்தால் புரட்டாசி ஐப்பசியில் மூட்டை வரும், மூட்டை வந்தால் கூலி வரும். அதனால் ஆனி மாதமே டீக்கடைக்காரர் கடனை அள்ளி விடுவார். தண்ணீர் வராத வருஷம் அவருக்கு முகம் சுருங்கிவிடும், பீடி ரொக்கத்துக்குத்தான். 2012-லிருந்து 2019 வரை எட்டு வருஷம் ஒரு தடவைகூட ஜூன் 12-ல் திறக்கவில்லை. தெருவை இடிக்கும் முன்பே அந்த நோட்டு பாதி செத்துவிட்டது. அதையும் எழுதத்தான் வேண்டும், எல்லாப் பழியையும் புல்டோசர் மேல் போடக் கூடாது.

நெட்டிப்பூ

இவ்வளவு நேரமாகப் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன்மார் எல்லோரும் டீக்கடையிலும் சைக்கிள் கடையிலும்தான் நிற்கிறீர்கள். அகழிச் சாரியைப் பற்றி நான் சொல்கிறேன், நாங்கள் பொம்மை வீடு.

முதலில் ஒன்று. அந்தத் தெருவில் பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பிடம் கிடையாது. இருட்டட்டும் என்று காத்திருப்போம். காய்ச்சலில் கிடந்தாலும் அதே கதை. மழைக்காலத்தில் அகழித் தண்ணீர் அடுப்படி வரை வரும், வந்தால் எப்படிப்பட்ட தண்ணீர் என்று உங்களுக்குத் தெரியும். இப்போது இருக்கிற வீட்டில் உள்ளேயே குழாய், உள்ளேயே கழிப்பிடம். அதை நான் குறைவாகப் பேச மாட்டேன், என் மகள் அந்தக் காத்திருப்பைப் பார்க்கவில்லை. அடிபம்படிச் சண்டையை இனிமையான நினைவு என்று யாராவது எழுதினால் நானே வந்து மறுப்பேன்.

ஆனால் தொழில் போச்சு. எப்படிப் போச்சு என்று சொன்னால்தான் உங்கள் வரிசைக்கும் பயன்.

தலையாட்டி பொம்மைக்கு அடிப்பாகம் உருண்டையாக, கனமாக இருக்க வேண்டும், களிமண் வைப்போம். மேலே காகிதக் கூழும் காகிதத் தாளும் அடுக்கடுக்காக. ஒட்ட மரவள்ளி மாவுப் பசை. அது காய்ந்து, சுண்ணப் பூச்சு பூசி, அது காய்ந்து, உப்புத்தாள் தேய்த்து, அப்புறம் வர்ணம், கடைசியில் கண்ணு மூக்கு எழுதுவது. ஒவ்வொரு படியிலும் வெயில் வேண்டும். நவராத்திரிக்கு முன்னால் ஆடி ஆவணியில் எங்கள் வாசலிலிருந்து அகழி மேடு முழுக்கத் தலை வேறு, உடம்பு வேறாகக் காயும். தெருவில் சைக்கிள் ஓட்டுகிறவன் வளைந்து வளைந்துதான் போக வேண்டும்.

காகிதம் எங்கிருந்து? பக்கத்திலேயே பழைய பேப்பர் கடை. எடை போட்டு, கிழிந்தது பழுப்பேறியது எல்லாம் தனியாகக் கட்டி எங்களுக்கு வைத்திருப்பார். பசை காய்ச்ச நெருப்பு? விறகுக்கடை மரத்தூள். சவுக்குக் கட்டையை அறுக்கும்போது விழுவது, அதை அடுப்பில் திணித்து வைத்தால் புகைந்து நின்று எரியும், பசை அடிப்பிடிக்காது. களிமண்? புது ஆற்றுக்கு மண் வண்டி போகிற ஆளே கொண்டுவந்து போட்டுவிடுவார். வியாபாரியிடம் கட்டி அனுப்ப வைக்கோல்? மாட்டு லாடக்காரரிடம் நிற்கிற வண்டிகளில். எதற்கும் நாங்கள் தெருவைத் தாண்டியதில்லை. எதற்கும் கையில் காசு வேண்டியதில்லை, பொம்மை போனதும் கொடுப்போம்.

இப்போது மூன்றாவது மாடி. மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு. வராந்தாவில் காய வைத்தால் நடக்க வழியில்லை என்று பக்கத்து வீட்டில் முகம் சுளிக்கிறார்கள், அவர்கள் சொல்வதும் நியாயம்தான். காகிதம் வாங்க பஸ் ஏற வேண்டும், மாவு வாங்க வேறு பஸ். வந்து போகிற காசும் நேரமும் சேர்த்தால் ஒரு பொம்மையில் நிற்பது ஒன்றுமில்லை. தஞ்சாவூர் பொம்மைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. காய வைக்க இடம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. அம்மா இப்போது ஒரு கம்பெனிக்குப் பாக்கெட் ஒட்டப் போகிறாள்.

கீழவாசல்காரன்

நெட்டிப்பூ, தங்கச்சி, நீ எழுதியதைப் படித்ததும் என் தாளை எடுத்து ஒரு வேலை செய்தேன். கடைகளின் பெயரை எழுதி, எந்தக் கடையிலிருந்து எந்தக் கடைக்கு என்ன போனது என்று கோடு போட்டேன். சைக்கிள் கடைத் தோல் பெட்ரோமாக்ஸுக்கு. பட்டறைக் கரி லாடத்துக்கு. விறகுக்கடைத் தூள் பொம்மைக்கு. விறகுக்கடைக் கரி பட்டறைக்கு. டீக்கடைச் சாம்பல் பாத்திரம் தேய்க்கிற வீடுகளுக்கு. இட்லி ஆயா வாழை இலை கழுவிப் போட்டது மாட்டுக்கு. தாள் முழுக்கக் கோடு. கோடு இல்லாமல் நின்றது ரேடியோ ரிப்பேர் ஒன்றுதான்.

கரந்தை சைக்கிள்

ரேடியோ ரிப்பேர்க்காரர் யாரோடும் சேர மாட்டார்ணே. கடைக்கு வாசலில் ஒரு கயிறு கட்டியிருப்பார், அதைத் தாண்டக் கூடாது. ஆனால் ஈயம் அவரும் வாங்குவார், சால்டரிங் வைக்க. பட்டறையில்தான் வாங்கினாரா என்று தெரியாது. கோடு போடாதீர்கள்.

புதாத்துக்கரை

நெட்டிப்பூ அவர்கள் எழுதியதற்குப் பதில் சொல்ல வேண்டியது என் கடமை. அகழியைத் திறந்தது சரி என்கிற என் கருத்து மாறவில்லை. ஆனால் நான் வேலையில் இருந்த காலத்தில் எத்தனையோ கணக்கெடுப்புப் படிவம் நிரப்பியிருக்கிறேன். குடும்பத் தலைவர், உறுப்பினர் எண்ணிக்கை, கூரை ஓடா ஓலையா, தொழில் என்ன. தொழில் என்ற கட்டத்தில் ‘கூலி’ என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவோம். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் யாரோ எழுதியிருப்பார்கள். பொருள் எங்கிருந்து வாங்குகிறீர்கள், எங்கே காய வைக்கிறீர்கள் என்று கேட்கக் கட்டமே கிடையாது. மாற்று இடத்தைத் தரைத்தளத்தில் முன்திறப்போடு, ஊருக்குள் கொடுத்திருக்க முடியுமா? கஷ்டம், ஆனால் முடியாதது இல்லை. வரிசையாக எல்லோரையும் ஒரே இடத்தில் வைத்திருந்தாலே பாதி பிழைத்திருக்கும். குலுக்கல் போட்டு வீடு ஒதுக்கினார்களா?

சும்மாடு

குலுக்கல்தான் சார். எங்கள் பக்கத்து வீட்டு இஸ்திரிக்காரர் நாலாவது பிளாக்கில், அதுவும் மேல் மாடி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற முடியாமல் கீழே வேப்பமரத்தடியில் வண்டி போட்டார். அங்கே போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது மகனோடு திருப்பூர்.

மேலவீதி

பெட்ரோமாக்ஸ் பஞ்சாயத்துக்குத் தீர்ப்பு கிடைத்துவிட்டது. என் அக்கா கல்யாண ஊர்வலம் 1988-ல் உங்கள் முனை வழியாகத்தான் போனது. ஆல்பத்தைத் தேடி எடுத்தேன். மாப்பிள்ளைக்குப் பின்னால் சைக்கிள் சக்கரம் தொங்குகிறது, அதற்கு அடுத்த கதவில் பலகை, பாதி எழுத்து மாப்பிள்ளை தலையில் மறைந்திருக்கிறது, மீதி ‘லைட் சர்வீஸ்’. கரந்தை சொன்னதுதான் சரி. அந்தப் படத்திலேயே டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிக்கடையும் தெரிகிறது, கம்பியில் வாழைத்தார், கண்ணாடி ஜாடி. அது யாருடையது?

இன்னொரு யோசனை. அந்தத் தெருவை யாரும் தனியாகப் படம் எடுத்திருக்க மாட்டார்கள், எதற்கு எடுக்கப் போகிறார்கள். ஆனால் கல்யாணம், காதுகுத்து, கட்சி ஊர்வலம் எல்லாவற்றுக்கும் பின்னால் தெரு இருக்கும். எல்லோரும் வீட்டு ஆல்பத்தில் முகத்தைப் பார்க்காமல் முதுகுக்குப் பின்னால் பாருங்கள்.

நெட்டிப்பூ

பெட்டிக்கடை எங்கள் சின்னத்தாத்தாவுடையது! ஒரே ஒரு வருஷம்தான் நடத்தினார், எல்லோருக்கும் கடன் கொடுத்தே மூடினார். அந்தப் படத்தை எனக்கு அனுப்புங்கள் அண்ணா, எங்களிடம் அவர் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. அவர் தெரிகிறாரா?

மேலவீதி

ஜாடிக்குப் பின்னால் ஒரு கை மட்டும் தெரிகிறதம்மா, வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கிறது. அனுப்புகிறேன்.

கீழவாசல்காரன்

பெட்ரோமாக்ஸை இரண்டாவது கதவுக்கு அடுத்து மாற்றியாச்சு. பெட்டிக்கடை 1988 என்று ஆண்டோடு சேர்த்தாச்சு. ரேடியோவுக்குக் கோடு இல்லை.

ஈயப் பட்டறைக்காரர் குடும்பம் இப்போது எங்கே என்று யாருக்காவது தெரியுமா? ஊரில் இருக்கிற அண்ணி, பித்தளைப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு ஆள் கிடைக்காமல் தவிக்கிறார்.

சும்மாடு

துருத்தி மிதித்த மகன் இருக்கிறாரே. கடை இல்லை, டிவிஎஸ் வண்டியில் சாமான் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக வருகிறார். துருத்திக்குப் பதில் பேட்டரியில் ஓடுகிற ஊதுவான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழவாசல் மீன் மார்க்கெட் பக்கம் இருப்பார், பத்து மணிக்குள் போகச் சொல்லுங்கள். பாத்திரத்தை வீட்டிலேயே புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுபோனால் கூலியில் குறைப்பார். உட்கார்ந்து தேய்க்க அவருக்கு இப்போது இடம் கிடையாது.